மோட்டார் சைக்கிள் விபத்துகள்: ஒரு காலம் கூடுவதும் ஒரு காலம் குறைவதும் ஏன்?

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மகன் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. “எல்லாரும் பைக் வெச்சிருக்காங்க உம்மா” என்று பிள்ளை தொடங்குவான். “போன மாசம் அந்த மையத்து வீட்டுக்குப் போய் வந்தது மறந்து போச்சா மகன்?” என்று உம்மா கேட்பார். வாப்பா பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். கடைசியில் மூத்தம்மா ஒரு தீர்ப்புச் சொல்வார்: “எங்கட காலத்தில இப்படி இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமே இல்ல.”

மூத்தம்மாவின் தீர்ப்பைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். விபத்து கூடினால் இளைஞர்கள் கெட்டுவிட்டார்கள் என்கிறோம். குறைந்தால் திருந்திவிட்டார்கள் என்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் நாடுகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு இலேசாக இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் திடீரென்று அடங்காப்பிடாரிகளாகப் பிறந்து, அடுத்த தலைமுறை சாதுக்களாகப் பிறப்பதில்லை. மாறுவது வேறு பலவும்தான்.

பிரித்தானியா அப்படிக் கணக்கு வைத்திருக்கும் நாடு. வீதி மரணங்களை 1926 முதல் ஆண்டு தவறாமல் எண்ணி வருகிறது. அந்தக் கதையை ஒரு மனிதரின் மரணத்தோடு தொடங்குவது பொருத்தம்.

“அரேபியா லோரன்ஸ்” என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது உதுமானிய ஆட்சிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் சேர்ந்து நின்ற ஆங்கிலேய அதிகாரி. அவரது அரசியலைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். இங்கே பேச வந்தது அதுவல்ல. 1935 மே 13 ஆம் திகதி இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் தமது மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த லோரன்ஸ், சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, 46 ஆவது வயதில் உயிரிழந்தார். தலையில் எதுவும் அணிந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் பாதையில் ஓட்டும் எவரும் அணிவதும் இல்லை.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். காப்பாற்ற முடியாமற் போன அந்த நோயாளி அவர் மனதில் தங்கிவிட்டார். யுத்தம் தொடங்கியதும் கெயின்ஸ் கணக்கெடுக்க ஆரம்பித்தார். யுத்தத்துக்கு முந்திய 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் இருந்து சென்றவர்களும் 1,884 பேர். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் இறந்தவர்களோ 2,279 பேர். பெற்றோல் பங்கீட்டினால் வீதியில் வாகனங்கள் குறைந்திருந்த காலத்தில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி நாடு முழுவதும் விளக்கணைப்பு. கும்மிருட்டில் இராணுவத் தகவல்களைச் சுமந்துகொண்டு பறக்கும் இளம் சிப்பாய்கள். அவர்களில் பலர் அதற்கு முன் மோட்டார் சைக்கிளைத் தொட்டதே இல்லை. இளைஞர்களின் குணம் 21 மாதத்தில் மாறிவிடவில்லை. அவர்கள் ஓட்டிய இருட்டு புதியது. அவர்களை ஓட்ட வைத்த அவசரமும் புதியது.

கெயின்ஸ் தமது ஆய்வை 1941 இல் வெளியிட்டார். தலைக்கவசம் அணிந்து விபத்தில் சிக்கியவர்களில் அவர் கண்டது ஏழே பேர். ஏழு பேரும் உயிர் பிழைத்திருந்தார்கள். ஏழு என்பது சிறிய எண்தான்; ஆனாலும் இராணுவத்துக்கு அது போதுமாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில், கடமையிலிருக்கும் இராணுவ மோட்டார் சைக்கிள்காரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அதன் பிறகு மரணங்கள் மாதாமாதம் இறங்கியதை 1946 இல் அவர் மீண்டும் எழுதிக் காட்டினார். பொதுமக்களுக்கு அதே சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1973 ஜூன் முதலாம் திகதி. கெயின்ஸ் 1952 இலேயே காலமாகிவிட்டார். ஒரு வைத்தியர் கண்டுபிடித்த உண்மை சட்டப் புத்தகத்துக்குள் நுழைய 32 ஆண்டுகள் பிடித்தன.

ஏறி இறங்கிய அரை நூற்றாண்டு

யுத்தத்துக்குப் பின் பிரித்தானியத் தொழிலாளர் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. கார் வாங்க வசதியில்லாதவனின் வாகனம் அது. பக்கத்தில் ஒரு கூடு பொருத்தி மனைவியையும் பிள்ளையையும் அதில் இருத்திக் கடற்கரைக்குப் போவார்கள். 1960 இல் அந்த நாட்டில் இறந்த மோட்டார் சைக்கிள் பயணிகள் 1,743 பேர். பத்து ஆண்டுகளில் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. தலைக்கவசச் சட்டம் அப்போது வந்திருக்கவில்லை. பின் என்ன நடந்தது? 1959 இல் ‘மினி’ என்ற சிறிய மலிவான கார் சந்தைக்கு வந்தது. சம்பளங்கள் உயர்ந்தன. குடும்பஸ்தர்கள் கூட்டோடு வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுக் காருக்கு மாறினார்கள். புதிதாகப் பழகுபவர் 250 சீசீக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டக் கூடாது என்ற விதியும் 1961 இல் வந்தது. அதற்கும் பங்குண்டு. ஆயினும் உயிர்களைப் பெரிதும் காத்தது காரின் மலிவு விலைதான் என்பது என் எண்ணம்.

அடுத்து வருவதுதான் விசித்திரம். 1973 இல் தலைக்கவசம் கட்டாயமாகிறது. மரணம் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. 1980 இல் 1,163 பேர் இறந்தார்கள்.

அதைக் கண்டு “தலைக்கவசத்தால் பயனில்லை” என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு. இங்கேதான் வீட்டுக் கணக்கொன்று உதவும். பத்துக் கோப்பை உள்ள வீட்டில் வருடத்துக்கு இரண்டு உடைகிறது. நூறு கோப்பை உள்ள ஹோட்டலில் ஐந்து உடைகிறது. ஹோட்டலில் உடைந்தது அதிகம். ஆனால் கவனமாகக் கழுவுவது ஹோட்டல்காரன்தான். 1973 இல்தான் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையினால் பெற்றோல் விலை எகிறியது. குறைந்த பெற்றோலில் ஓடும் ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. ஓட்டுவோர் தொகை பெருகியது. தலைக்கவசம் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்தைக் குறைத்தது. ஆனால் ஆபத்துக்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அதைவிட அதிகம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக 1971 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: அந்த வயதினர் 50 சீசீ மொபெட் மட்டுமே ஓட்டலாம். மொபெட் என்றால் மிதிகட்டை உள்ள வண்டி. கம்பனிகள் என்ன செய்தன? பந்தய மோட்டார் சைக்கிள் போன்ற தோற்றத்தில், பெயருக்கு இரண்டு மிதிகட்டையைப் பொருத்தி, மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய ‘மொபெட்’களைச் செய்து விற்றன. விளையாட்டுப் பொருள் போலப் பதினாறு வயதினர் அதன் பின்னால் ஓடினர். 1977 இல்தான் அதன் வேகத்தை மணிக்கு 30 மைலாகக் கட்டுப்படுத்தினார்கள். சட்டம் போடும்போது வியாபாரியின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் போலும்.

எண்பதுகளில் நிலைமை திரும்பியது. அதுவரை ஒரு பதினேழு வயதுப் பையன் கடைக்குப் போய், 250 சீசீ வண்டி வாங்கி, முன்னும் பின்னும் பழகுநர் பலகையைக் கட்டிக்கொண்டு, ஒரு பாடம்கூடப் படிக்காமல் அன்றே பாதையில் இறங்கலாம். 1983 இல் பழகுநருக்கு 125 சீசீ என்ற எல்லை வந்தது. 1990 டிசம்பரில், பயிற்சி பெறாமல் எவரும் பாதைக்கு வரக் கூடாது என்று சட்டமாயிற்று. இதற்கிடையில் பழைய கார்கள் மலிந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் 13 இலட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள்கள் தொண்ணூறுகளின் நடுவில் ஏறத்தாழப் பாதியாகின. 1995 இல் இறந்தவர்கள் 445 பேர்.

அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 2003 இல் தொகை மறுபடி 693 ஆகியது. இம்முறை இறந்தவர்களில் பலர் இளைஞர்கள் அல்லர்! முப்பது, நாற்பது வயது கடந்தவர்கள். இளமையில் ஓட்டி, கலியாணம் முடித்துக் காருக்கு மாறி, பிள்ளைகள் வளர்ந்த பின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மீண்டும் மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள். அவர்கள் விட்டுப்போனபோது இருந்த வண்டியைவிடப் புதிய வண்டியின் வலு இரண்டு மூன்று மடங்கு. ஞாபகத்தில் இருந்த இருபது வயதுக் கை கால்கள் உடம்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புறப் பாதை வளைவுகளில் அவர்கள் விழுந்தார்கள். மூத்தம்மாவின் தீர்ப்பு அங்கே செல்லாது. பயமில்லாமற் போனது வாப்பாமாருக்கு. பிறகு மீண்டும் இறக்கம்: 2010 இல் 403, 2019 இல் 336.

அமெரிக்கா சட்டத்தை எடுத்துப் பார்த்தது

பிரித்தானியாவில் எல்லாக் காரணங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஒரே ஒரு காரணத்தைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. ஏனென்றால் அவர்கள் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டு மீண்டும் எடுத்தார்கள். 1966 இல் மத்திய அரசாங்கம், தலைக்கவசச் சட்டம் இயற்றாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்துவோம் என்றது. 1975 ஆகும்போது 47 மாநிலங்கள் சட்டம் இயற்றிவிட்டன. மோட்டார் சைக்கிள் சங்கங்கள் “எமது தலை, எமது உரிமை” என்ற பாணியில் கிளர்ந்தெழ, 1976 இல் காங்கிரஸ் அந்த நிபந்தனையை நீக்கியது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்தைக் கைவிட்டன. 1975 இல் 3,189 ஆக இருந்த மரணங்கள் 1980 இல் 5,144 ஆயின. ஓட்டுவோர் கூடியதும் அதில் ஒரு பங்குதான். ஆனால் கலிபோர்னியா மாநிலம் 1992 ஜனவரியில் மறுபக்கம் திரும்பி எல்லோருக்கும் தலைக்கவசம் என்று விதித்தபோது ஒரே வருடத்தில் மரணங்கள் 523 இலிருந்து 327 ஆக இறங்கின. ஒரு மாநிலத்து மக்களின் பண்பு ஒரு வருடத்தில் மாறாது. மாறியது தலையில் இருந்த பொருள்.

ஜேர்மனியில் நடந்த ஒரு சங்கதியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேற்கு ஜேர்மனியில் 1976 இல் தலைக்கவசம் கட்டாயமாகியும் அணியாதவனுக்குத் தண்டம் இருக்கவில்லை. 1980 இல் அந்த இடத்திலேயே தண்டம் அறவிடும் முறை வந்தது. வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள் 1986 இல் ஏறத்தாழ 54 ஆயிரமாகக் குறைந்தன! திருட வருபவன் கையில் தலைக்கவசத்தோடு வருவதில்லை. வெறுந்தலையோடு ஓட்டினால் பொலிஸ் நிறுத்தும். எவரும் எதிர்பாராத இலாபம்.

சரி, விபத்து ஏன் நேர்கிறது என்பதை யாராவது நேரில் போய்ப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஹரி ஹர்ட் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் எழுபதுகளின் நடுவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், விபத்து நடந்த உடனேயே அந்த இடத்துக்கு ஓடிப்போய், 900 விபத்துகளை ஒன்றொன்றாக ஆராய்ந்தார்கள். 1981 இல் வெளியான அவர்களது அறிக்கையில் இரண்டு மூன்று விஷயங்கள் நம் வீட்டுப் பேச்சுக்கு மிகப் பொருத்தம். முதலாவது, இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் பிழை அந்த மற்ற வாகனக்காரருடையது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கார் குறுக்கே திரும்புகிறது. சாரதி பின்னர் சொல்வது “நான் அவரைக் காணவே இல்லை” என்பது. அங்கே இடப்பக்கம் திரும்பும் கார். இடது பக்கமாக வாகனம் ஓட்டும் நம் நாட்டில் வலப்பக்கம் திரும்பும் கார். ஆகவே வீட்டில் கார் அல்லது வேன் ஓட்டுபவர் இருந்தால், மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்கும் பங்குண்டு. இரண்டாவது, விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையாகப் பயிற்சி பெறாதவர்கள்; தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். நானாவிடம் பள்ளிக்கூட மைதானத்தில் அரை மணி நேரம் பழகிவிட்டு வரும் தம்பிமார் நினைவுக்கு வருகிறார்கள். மூன்றாவது, பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. கூட்டாளியின் வண்டியை “ஒரு ரவுண்ட் அடிச்சிட்டு வாறேன்” என்று வாங்கிப் போவது எவ்வளவு ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

நமக்குக் கிட்டிய நாடுகள்

இங்கிலாந்தும் அமெரிக்காவும் பணக்கார நாடுகள். அங்கே மோட்டார் சைக்கிளைவிட்டுக் காருக்கு மாறலாம். ஆசியாவில் அதுவே குடும்ப வாகனம், அதுவே தொழில் வாகனம். மலேசியாவில் வீதியில் இறப்போரில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் நாட்களில் பொலிஸார் விசேட நடவடிக்கையில் இறங்குவது அங்கே வழமை. எனினும் அந்த நாடு சும்மா இருக்கவில்லை. தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். 1992 இல், பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். “காணவே இல்லை” என்ற நொண்டிச் சாட்டுக்கு அதுதான் மருந்து. மற்ற வாகனக்காரர் காணத் தவறியதால் நேரும் விபத்துகள் அதன்பின் நூற்றுக்கு 29 அளவில் குறைந்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். கோலாலம்பூர்ப் பக்கத்துப் பெருந்தெரு ஒன்றில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதையும் அமைத்திருக்கிறார்கள்.

வியட்நாம் 2007 டிசம்பர் 15 ஆம் திகதி ஒரே நாளில் மாறியது. முதல் நாள் வெறுந்தலைகளாகக் கிடந்த நகரங்கள் மறுநாள் காலை தலைக்கவசக் கடல். அடுத்த மூன்று மாதங்களில், கண்காணிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் தலைக்காயம் 16 வீதமும் மரணம் 18 வீதமும் குறைந்தன. ஆனால் பிள்ளைகள் மட்டும் வெறுந்தலையோடு போனார்கள். கனமான கவசம் பிஞ்சுக் கழுத்துக்கு ஆகாது என்று ஒரு கதை பரவியிருந்தது. பெற்றோரும், வாப்பா தலையில் கவசம், உம்மா தலையில் கவசம், நடுவில் பிள்ளை மட்டும் தொப்பியோடு என்ற விதமாகப் போனார்கள். சிறுபிள்ளைக்குத் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏற்றிச் செல்லும் பெரியவருக்குத் தண்டம் என்று 2010 இல் திருத்திய பிறகே அந்த ஓட்டை அடைபட்டது. கடைத்தெருவில் மெல்லிய பிளாஸ்டிக் சட்டி போன்ற போலிக் கவசங்கள் குவிந்தது வேறு கதை. பொலிஸுக்குக் காட்ட அது போதும். தார்ப் பாதைக்குப் போதாது.

நம் நாட்டிலும் பதிவிலுள்ள வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பின் லீசிங் வசதியோடு அவை பெருகிய வேகத்தை வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சகோதரிகள் கண்ணாரக் கண்டார்கள். ஆசிரியைகளும் தாதியரும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போவது இன்று எவருக்கும் புதினமில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, 2022 இல் பெற்றோல் வரிசை வந்தது, 2025 தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறந்தது. இந்த ஆண்டுகளின் விபத்துத் தொகை ஏறியும் இறங்கியும் இருந்தால் பிள்ளைகளின் குணத்தை அளக்க அதைக் கோலாகப் பிடிக்க வேண்டாம். எத்தனை வண்டி, யார் கையில், எவ்வளவு தூரம் ஓடியது என்று முதலில் கேட்க வேண்டும்.

தலைக்கவசத்தில் எது நல்லது என்ற கேள்வியும் இங்கே உண்டு. 2015 இல் முகம் முழுவதையும் மூடும் கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸார் முயன்று, அது நீதிமன்றம்வரை போனது. கொள்ளைக்காரர் முகத்தை மறைக்கிறார்கள் என்பது காரணம். ஜேர்மனியின் ஹனோவர் பகுதியில் விபத்தில் சிக்கிய கவசங்களை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான அடிகள் நாடிப் பக்கத்திலேயே பட்டிருந்தன. அரைக் கவசம் மறைக்காத இடம் அது.

பின்னால் இருந்து செல்லும் பெண்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதை மேல்நாட்டு அறிக்கைகள் பேசுவதில்லை. சாரியின் தலைப்பு, அபாயாவின் ஓரம், ஷோலின் நுனி சில்லில் அல்லது சங்கிலியில் அகப்பட்டால் வண்டி மெதுவாகப் போனாலும் ஆளை இழுத்து விழுத்திவிடும். ஷோல் என்றால் கழுத்தையே இறுக்கும். அமரும்போதே தொங்கும் துணியை எல்லாம் மடியில் சேர்த்து அடக்கிக்கொள்வது சில விநாடி வேலை. இந்தியாவில் 1989 ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே இதற்கு ஒரு பந்தி ஒதுக்கியிருக்கிறார்கள்: பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சில்லின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். அந்தக் கம்பித் தடுப்பை நம் ஊரிலும் பல வண்டிகளில் காணலாம். மகன் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் “வடிவைக் கெடுக்குது” என்று முதலில் கழற்றி வைப்பதும் அதைத்தான்.